கூறைத் தட்டுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில்

அண்ணனின் கலியாணத்தன்று காரோட்டும் வேலை மேனுகாவின் தலையில் விழும் என்று யாரும் நினைத்திருக்கவில்லை. இரண்டாவது காருக்குப் பேசிவைத்த சாரதி விடியற்காலையில் போன் எடுத்து, காய்ச்சல், எழும்பவே முடியவில்லை என்றான். அப்பாவுக்குக் கண்ணில் புரை. நாகேந்திரம் மாமாவிடம் லைசன்ஸ் இருந்தது. ஆனால் யாழ்ப்பாணத்தில் எடுத்த லைசன்ஸ் யாழ்ப்பாணத்து வீதிக்குத்தான் பொருந்தும் என்பது அவருடைய கொள்கை. அண்ணன் மிதுஷன் நன்றாக ஓட்டுவான். அவன் தலைப்பாகை கட்டிக்கொண்டு, பூக் கட்டிய காரின் பின்சீட்டில் ஏற வேண்டியவன்.

"பிறகென்ன, மேனு ஓடட்டும்," என்றார் மாமா. "பிள்ளை லைசன்ஸ் எடுத்து ஒரு வருசமாகுது. பேர்சுக்குள்ள வைச்சுக் கும்பிடவே எடுத்தது?"

மேனுகாதான் அன்று மாப்பிள்ளையின் தோழிப் பெண். மண்டபத்து வாசலில் கூறைத் தட்டை ஏந்திக்கொண்டு அண்ணனுக்குப் பின்னால் நடக்க வேண்டியவள். கரும்பச்சைச் சேலையும் தலை நிறையப் பூவுமாகச் சாரதி சீட்டில் ஏறி, செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டு, சீட்டை முன்னுக்கு இழுத்தாள். பின்சீட்டில் அம்மா ஜெகதீஸ்வரி இருந்தாள், மடியில் பட்டுத் துணியால் மூடிய தட்டோடு. உள்ளே கூறைச் சேலை. அதன் மேல் தாலி.

புறப்படுமுன் மாமா ஒழுங்கு சொன்னார். எல்லோருக்கும் முன்னால் வீடியோக்காரன் ஆகில் ஓட்டோவில் போவான், பின்பக்கம் பார்த்துப் படம் பிடித்தபடி. அடுத்து மாப்பிள்ளை கார். அதில் அண்ணனோடு அப்பாவும் மாப்பிள்ளைத் தோழனும். அதற்கு அடுத்தது கூறைத் தட்டு வரும் கார், அதாவது மேனுகாவின் கார். அதன் பின்னால் சொந்தக்காரர்களின் வான்கள்.

"ஒண்டு சொல்லுறன், காதில போட்டுக்கொள் பிள்ளை. மாப்பிள்ளைக்கும் கூறைத் தட்டுக்கும் நடுவில வேற ஒண்டும் வரக்கூடாது. ஓட்டோ வரக்கூடாது, சைக்கிள் வரக்கூடாது, நாய் வரக்கூடாது."

"நாய்க்கு ஆர் அண்ணை சொல்லுறது?" என்றாள் அம்மா.

"பகிடி விடாதை ஜெகதீஸ். பரமேசின்ர கலியாணத்தில தண்ணி பவுசர் ஒண்டு நடுவில புகுந்தது. இண்டைக்கு என்ன? ரெண்டு பேரும் லண்டனிலதான் இருக்கினம். வேற வேற வீட்டில."

மேனுகா கம்பஸில் விலங்கியல் படித்தவள். தண்ணீர் ஏற்றும் பவுசர் லொறிக்கும் விவாகரத்துக்கும் உள்ள தொடர்பை அவள் நம்பவில்லை. ஆனால் நம்பவில்லை என்று வாய் திறந்து சொல்வது வேறு காரியம். அவள் பேசத் தொடங்கினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். பார்த்தால் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். அதனால் சின்ன வயதிலிருந்தே தலையாட்டப் பழகியிருந்தாள். அன்றும் தலையாட்டினாள்.

கொழும்பில், கொட்டாஞ்சேனை வீட்டிலிருந்து புறக்கோட்டையைத் தாண்டுவதற்குள் அவளுடைய சேலைச் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. காலிமுகத்திடலில் கடற்காற்றுப் பட்டதும் பயம் கொஞ்சம் விட்டது. வேலை இலகுவானதுதான். முன்காரின் பின்கண்ணாடியில் ‘மிதுஷன் – சுரேகா’ என்று வெள்ளை எழுத்தில் ஒட்டியிருந்தது. அந்த எழுத்து கண்ணை விட்டு விலகாமல் போனால் போதும். "அப்பிடித்தான், அப்பிடித்தான்," என்று மாமா பக்கத்திலிருந்து மாட்டுக்காரனைப் போலத் தட்டிக்கொடுத்தபடி வந்தார்.

பம்பலப்பிட்டியில் வாகனங்கள் இறுகின. அங்கேதான் சைரன் கேட்டது.

"ஆரோ மந்திரி," என்றார் மாமா. பக்கக் கண்ணாடியைக் குனிந்து பார்த்தார். "இல்லை, அம்புலன்ஸ். உள்ளுக்கு ஒரு சனமும் இராது. மீன் வைச்ச மாலு பாண் வாங்கப் போறாங்கள். ஆறினால் ருசியில்லையெண்டு சத்தம் போட்டுக்கொண்டு ஓடுறாங்கள்."

அம்மா சிரித்தாள். மேனுகாவும் சிரித்தாள்.

அம்புலன்ஸ் இடப்பக்க வரிசையில் வந்தது. சிலர் ஒதுங்கினார்கள். சிலர் ஒதுங்குவதுபோல் காட்டிவிட்டு அதற்கு முன்னால் ஓடினார்கள். மேனுகாவின் காருக்குச் சற்று முன்னால், இடப்பக்கத்தில், ஒரு பஸ் நின்று ஆட்களை இறக்கியது, ஏற்றியது, இன்னும் ஏற்றியது. அம்புலன்ஸ் அந்த பஸ்ஸின் முதுகில் முட்டிக்கொண்டு நின்று அலறியது. அதற்கு இருந்தது ஒரே ஒரு வழி. வலப்பக்கம் திரும்பிக் கலியாண வரிசைக்குள் நுழைந்து, பஸ்ஸைத் தாண்டிப் போக வேண்டும்.

மாப்பிள்ளை கார் நகர்ந்தது. அதற்கும் மேனுகாவின் காருக்கும் நடுவில், ஒரு வாகனம் கொள்ளும் அளவுக்கு இடம் திறந்தது.

மேனுகா அக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாள். அது உண்மை. பிறகு வந்த நாட்களில் அந்த ஒன்றைத்தான் அவள் தனக்குச் சாட்சியாகத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். காலை எடுத்தாள். அம்புலன்ஸின் மூக்கு அந்த இடைவெளிக்குள் திரும்பியது.

"விடாதை! விடாதை பிள்ளை, கிட்டப் போ!"

"மேனு, கூறைத் தட்டு!" என்றாள் அம்மா பின்னாலிருந்து.

கால் தானாகப் போய் அழுத்தியது. அப்படித்தான் அவளுக்குத் தோன்றியது, தானாக என்று. ஆனால் வெறுங்காலுக்கு அக்சிலேட்டரின் ரப்பர் வரிகள் ஒவ்வொன்றும் தெரிந்தன. கார் துள்ளி முன்னால் போய், வெள்ளை எழுத்தின் அருகில் நின்றது. அம்புலன்ஸ் பிரேக் போட்டது. சந்தியில் கலர்லைட் சிவப்பாக மாறியது.

இப்போது இரண்டு வாகனங்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அம்புலன்ஸ் சாரதியின் கண்ணாடியும் மாமாவின் கண்ணாடியும் கை நீட்டினால் தொடும் தூரம். நரைத்த மீசைக்கார மனிதர். கழுத்தில் ஒரு செபமாலை. அவர் மாமாவைப் பார்க்கவில்லை. மாமாவைத் தாண்டி, ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவளைப் பார்த்தார். பார்த்து, இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துக் கும்பிட்டார்.

"பாத்தியே, கலியாணக் கார் எண்டு கண்டிட்டுக் கும்பிடுறான். நல்ல மனுசன்," என்றார் மாமா. பதிலுக்கு அவரும் இரண்டு கைகளையும் கூப்பி, சிரித்து, தலைகுனிந்து கும்பிட்டார்.

சாரதிக்கு அந்தப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்திருந்தார். சாரம் கட்டியிருந்தார். சேர்ட் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தார். மடியில் ஒரு தலையணை. பூப்போட்ட உறை. அதை இரண்டு கைகளாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு, மேனுகாவின் காரின் முன்னால் கட்டியிருந்த மல்லிகைச் சரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கும்பிடவில்லை. கோபப்படவும் இல்லை.

பச்சை விழுந்தது. மாப்பிள்ளை கார் போனது, மேனுகா போனாள். பின்னால் வந்த வான்களும் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு போயின. வரிசையைப் பிரிக்காதே என்று அவர்களுக்கும் சொல்லியிருந்தது. அம்புலன்ஸ் அவ்வளவும் போகும்வரை பஸ்ஸின் பின்னால் நின்றது.

பிறகும் சைரன் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டே வந்தது. வெள்ளவத்தை எல்லைக்கு வந்தபோது சட்டென்று நின்றது. தூரமாகிக் கரையவில்லை. யாரோ வாயைப் பொத்தியதுபோல நின்றது.

"சொன்னனான்தானே," என்றார் மாமா. "மாலு பாண் கடை வந்திட்டுது."

மண்டபத்தில் அவள் எல்லாவற்றையும் சரியாகச் செய்தாள். தட்டை ஏந்தி நடந்தாள். "தோழிப் பிள்ளை வலு அடக்கம், குனிஞ்ச தலை நிமிரேல்லை," என்று பெண்வீட்டுக் கிழவிகள் பேசிக்கொண்டார்கள். தாலி கட்டும் நேரம் விரலை ஆட்டி ஐயர் சொல்ல, கெட்டிமேளம் இடியாக இடித்தது. அந்த நேரத்தில் தும்மலோ அழுகையோ வேறு கெட்ட சத்தமோ யார் காதிலும் விழக்கூடாது என்பதற்காகத்தான் அப்படி அடிப்பது என்று எப்போதோ கேட்டிருந்தாள். தவில்காரர்கள் வஞ்சகமில்லாமல்தான் அடித்தார்கள். அவள் காதில் விழுந்தது வேறு. நின்றுபோன ஒரு சத்தம் எப்படிக் கேட்கும் என்று அவளுக்கு விளங்கவில்லை. ஆனால் கேட்டது.

*

ஏன் நின்றது?

ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பியிருக்கலாம். வழி கிடைத்திருக்கலாம். அல்லது இனி அவசரமில்லை என்று ஆகியிருக்கலாம். மேனுகா மூன்றையும் மாறி மாறி எடுத்துப் பார்த்தாள். படுக்கும்போது முதலாவது. எழும்பும்போது எப்போதும் மூன்றாவது.

கலியாண வீட்டுப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்த அம்மாவிடம் ஒருநாள் சொன்னாள்.

"அம்மா, அந்த அம்புலன்ஸுக்குள்ள ஆள் இருந்தது."

அம்மா கிடாரத்தைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "எந்த அம்புலன்ஸ்?"

"அம்மா."

"கொழும்பில ஆர் ஒதுங்கிறது? பஸ்காரன் ஒதுங்கினவனே? உனக்கு மட்டும் என்ன?"

"இடம் இருந்தது. நான்தான் அடைச்சனான்."

இப்போது அம்மா திரும்பினாள். கையெல்லாம் சவர்க்கார நுரை. "சுரேகாவுக்கு முன்னால இதைப் பற்றி மூச்சும் விடாதை. புதுசா வந்த பிள்ளை. தாலியைக் கொண்டு வரேக்குள்ள வழியில ஒரு சாவு எண்டு அதின்ர மனசில விழுந்தால், நாளைக்கு ஒரு தடிமன் காய்ச்சல் வந்தாலும் அதைத்தான் நினைக்கும். விளங்குதே?"

சாவு என்ற சொல்லை மேனுகா சொல்லியிருக்கவில்லை. அம்மாதான் சொன்னாள். இரண்டு பேருக்கும் அது விளங்கியது. அம்மா குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டாள்.

மேனுகா வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் ரியூசன் கொடுத்தாள். பேசக் கூச்சப்படுகிறவள் பாடம் எடுப்பது வீட்டில் எல்லோருக்கும் புதினம். பலகையைப் பார்த்துக்கொண்டு பேசலாம் என்பதுதான் அதன் இரகசியம். அந்தக் கிழமை குருதிச் சுற்றோட்டம். இதயத்தை வரைந்து, மூளைக்குப் போகும் நாடியை வரைந்து, அது தடைப்பட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வந்தாள்.

"மிஸ், தடைப்பட்டா எவ்வளவு நேரம் தாங்கும்?" என்று ஷஸ்னா கேட்டாள். முதல் வாங்கில் உட்காரும் கெட்டிக்காரப் பிள்ளை.

புத்தகத்தில் கணக்கு இருந்தது. மேனுகாவுக்கு அது மனப்பாடம். "அது... ஆளைப் பொறுத்தது," என்றாள்.

"புக்ல நம்பர் ஈக்குதே மிஸ்."

"அப்ப புத்தகத்தில இருக்கிறதை எழுதுங்கோ."

பலகையின் பக்கம் திரும்பி, வரைந்த நாடியைத் திரும்பவும் வரைந்தாள். சோக் உடைந்தது.

*

ஆகில் போன் எடுத்தது அதற்குப் பிறகு. வீடியோவைப் பார்த்துச் சரி சொல்லும் பொறுப்பை அண்ணன் அவளிடம் விட்டிருந்தான்.

"சிஸ்டர், சின்ன விசயம். கார் வார இடத்துல ஒரு அம்புலன்ஸ் சத்தம் விழுந்தீக்கிது. நான் சத்தத்தத் தூக்கிட்டு நாதஸ்வரம் போட்டீக்கிறேன். அனுப்புறேன், பாருங்க. செம்மையா வந்தீக்கிது."

செம்மையாகத்தான் வந்திருந்தது. ஓட்டோவிலிருந்து பின்பக்கம் பார்த்து எடுத்த படம். முதலில் அண்ணனின் கார், ரோசாப்பூவும் மல்லிகையுமாக. அதன் ஓரத்தால் அவளுடைய கார். பக்கத்தில் சிவப்பு விளக்குச் சுழன்றது. நாதஸ்வரத்துக்கு அது கலியாண வீட்டு மின்குமிழ் மாதிரிப் பொருந்திப் போயிருந்தது. தெரியாத ஒருவர் பார்த்தால் அதுவும் அலங்காரம் என்றே நினைப்பார்.

கண்ணாடிக்குப் பின்னால் அவளுடைய முகம் தெரிந்தது. அவள் படத்தை நிறுத்தி, விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். மாமாவின் வாய் திறந்திருந்தது. அவளுடைய முகத்தில் பயம் இருக்கும், தடுமாற்றம் இருக்கும் என்று இவ்வளவு நாளும் நம்பியிருந்தாள். ஒன்றும் இருக்கவில்லை. பஸ்ஸில் ஒரு சீட்டுப் பிடிக்கும் பெண்ணின் முகம்போல இருந்தது.

"ஓகேயா சிஸ்டர்?" என்று ஆகில் செய்தி அனுப்பியிருந்தான்.

*

வெள்ளவத்தைப் பொலிஸ் மதிலோரத்தில் அம்புலன்ஸ் ஒன்று வழமையாக நிற்கும். ரியூசனுக்குப் போகும்போது எத்தனையோ தடவை அதைக் கடந்திருக்கிறாள்; அது ஒரு மரம்போல அங்கே நின்றதே தவிர அவள் பார்த்ததில்லை. இப்போது ஒவ்வொரு நாளும் பார்த்தாள். ஒருநாள் நரைத்த மீசையும் செபமாலையும் சாரதி சீட்டில் தெரிந்தன. அவள் நேராக நடந்து போய்விட்டாள். சந்திக் கடையில் தேவையில்லாமல் ஒரு தண்ணீர்ப் போத்தல் வாங்கினாள். திரும்பி வந்தாள்.

அவர் கதவைத் திறந்து வைத்து, காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, மாலு பாண் தின்றுகொண்டிருந்தார். மாமா கண்டால் எவ்வளவு சந்தோசப்படுவார் என்று அவளுக்குத் தோன்றியது.

அவளைக் கண்டதும் அவர் பாணைக் காகிதத்தில் வைத்துவிட்டு எழுந்தார். "யாருக்கு, தங்கச்சி? எங்க?"

"இல்லை, ஒருத்தருக்கும் இல்லை. நான்... ஒரு விசயம் கேக்க வந்தனான்."

"அப்பாடா." திரும்ப உட்கார்ந்தார். "கேளுங்க. வேலைக்கு ஆள் எடுக்கிறாங்களான்னா எனக்குத் தெரியாது. அதத்தான் எல்லாரும் கேக்கிறாங்க."

"அண்டைக்கு பம்பலப்பிட்டியில, ஒரு கலியாணக் கார் உங்களுக்கு வழி விடேல்லை. நீங்கள் கும்பிட்டனீங்கள்." குரல் போய்க்கொண்டிருந்தது. அவர் அவளையே பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஆனாலும் அவள் சொல்லி முடித்தாள். "அந்தக் காரை ஓடினது நான்."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். சட்டையில் குத்தியிருந்த பெயர்த்தகட்டில் சூசைதாசன் என்று மூன்று மொழியில் இருந்தது.

"எந்தக் கலியாணம்?" என்றார்.

"ஆவணியில."

"ஆவணில எத்தனை கலியாணம்! மல்லியப்பூக் காரா, ரோசாப்பூக் காரா? ரெண்டு பேரு மறிச்சாங்க. ஒருத்தன் இறங்கி வந்து சண்டைக்கே நின்னான்."

"மல்லிகை. எனக்குப் பக்கத்தில இருந்தவர் உங்களைத் திரும்பிக் கும்பிட்டவர்."

சூசைதாசன் யோசித்தார். மீசைக்குக் கீழே ஒரு சிரிப்பு வந்து போனது. "தெரியல தங்கச்சி. பொய் சொல்ல ஏலாது. நான் ஒரு நாளைக்கு ரோட்டுல கும்பிடுற கும்பிடு, கொட்டாஞ்சேனை சேர்ச்சுல ஒரு வருசத்துக்குக் கும்பிட்டிருக்க மாட்டேன். யார் யாரக் கும்பிட்டேன்னு ஞாபகம் வைக்கிறது?"

"முன்சீட்டில ஒருத்தர் தலையணை வைச்சிருந்தவர்."

"தலையணை எல்லாருந்தான் கொண்டு வருவாங்க. ஆஸ்பத்திரில குடுக்கிறது கல்லு மாதிரி."

"சைரன் வெள்ளவத்தையில நிண்டது. திடீரெண்டு. ஏன் நிண்டது?" இதற்காகத்தான் வந்தாள். இதைக் கேட்டபோது குரல் போகவில்லை.

அவர் பாணை எடுத்தார். தின்னாமல் கையில் வைத்திருந்தார். "சில நேரம் உள்ள இருக்கிற ஆள் சத்தத்துக்குப் பயப்படும். நர்ஸ் நிப்பாட்டச் சொல்லும். ரோடு காலியா இருந்தாலும் நிப்பாட்டுவோம். சில நேரம்..." என்று நிறுத்தினார். "சில நேரம் தேவைப்படாது."

"அண்டைக்கு எது?"

"அதான் சொல்றேனே, தெரியாது. ஆளக் குடுப்போம், வண்டியக் கழுவுவோம், அடுத்த கோல் வரும். பொழச்சிச்சா, போச்சான்னு போய்க் கேட்டா இந்த வேல செய்ய ஏலாது."

"என்னில கோவமில்லையே உங்களுக்கு?"

"அன்னைக்கு இருந்திருக்கும். நல்லா ஏசித்தான் இருப்பேன். கண்ணாடி பூட்டியிருந்ததால உங்களுக்குக் கேக்கல." பிறகு, கொஞ்சம் எரிச்சலோடு, "இப்ப என்கிட்ட வந்து என்ன செய்ய, சொல்லுங்க? படுத்திருந்தது நான் இல்லயே."

உள்ளே ரேடியோ கரகரத்தது. பின்னாலிருந்து ஆண் நர்ஸ் ஒருவன் சிங்களத்தில் ஓர் ஒழுங்கையின் பெயரைச் சொன்னான். சூசைதாசன் மிச்சப் பாணை டாஷ்போர்டில் எறிந்துவிட்டுக் கதவைச் சாத்தினார். சைரன் அவளுடைய நெஞ்சுக்கூட்டுக்குள் கிளம்பியதுபோல் கிளம்பியது. அம்புலன்ஸ், காலி நகருக்குப் போகும் காலி வீதிக்குள் இறங்கியது. சந்தியில் ஒரு ஓட்டோ, பின்னால் கூடை கூடையாக மரக்கறியோடு, அதற்கு முன்னால் நுழைந்து, நின்று, யோசித்து, பிறகு ஓடியது. ஓட்டோக்காரன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சூசைதாசனின் கைகள் ஸ்டியரிங்கிலிருந்து மேலே எழுவதை அவள் பின்னாலிருந்தே கண்டாள்.

அவர் ஏசியிருந்தாலும், போகட்டும் என்று சொல்லியிருந்தாலும் அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். வெறுங்கையோடு நின்றாள். வாங்கிய தண்ணீர்ப் போத்தல் மட்டும் இருந்தது.

அன்று பின்னேரம் ஆகிலுக்குச் செய்தி போட்டாள். ‘நாதஸ்வரத்தை எடுத்துவிடுங்கள். இருந்த சத்தத்தையே விடுங்கள். வெட்ட வேண்டாம்.’

உடனே போன் வந்தது. "சிஸ்டர், மிஸ்டேக்கா அனுப்பினீங்களா?"

"இல்லை."

"வீட்டுல ஏசுவாங்க. பொறகு என்ட பேரத்தான் சொல்லுவாங்க."

"நான் சொன்னது எண்டு சொல்லுங்கோ."

*

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் கொட்டாஞ்சேனை வீட்டில் கூடினார்கள். அண்ணனும் சுரேகாவும் வந்திருந்தார்கள். ஊருக்குப் போக இருந்த மாமா, வீடியோ பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று பயணத்தைத் தள்ளிப் போட்டிருந்தார். நண்டுக்கறி வாசம் இன்னும் கையில் இருக்க, டீவிக்கு முன்னால் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

மாப்பிள்ளையின் தலையில் பாலறுகு வைத்தது வந்தது. மாமாவின் வேட்டி அவிழப் பார்த்தது வந்தது. சுரேகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மாமா, நீங்கள்தான் ஹீரோ."

"பின்ன? மாப்பிள்ளை எண்டு ஒருத்தன் சும்மா நிண்டவன்."

காலி வீதி வந்தது. பூக் கார் வந்தது. பின்னால் மேனுகாவின் கார்.

சைரன் கேட்டது.

முதலில் எல்லோரும் யன்னலைப் பார்த்தார்கள், வெளியே ஏதோ போகிறது என்று. பிறகு டீவியைப் பார்த்தார்கள். மேனுகா அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் கை மடியில் எதையோ மூடுவதுபோல் விரிந்திருந்தது.

"என்னடாப்பா இது?" என்றார் மாமா. "உவன் வீடியோக்காரன் இதை வெட்டேல்லையே? காசை வேண்டிக்கொண்டு—"

"நான்தான் வெட்ட வேண்டாம் எண்டனான்," என்றாள் மேனுகா.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் டீவியைப் பார்த்துக்கொண்டு பேசினாள், பலகையைப் பார்த்துப் பேசுவதுபோல.

"மாமா, அந்தாள் எங்களை வாழ்த்துறதுக்குக் கும்பிடேல்லை. வழி கேட்டுக் கும்பிட்டவர். உள்ளுக்கு ஆள் இருந்தது. இடம் இருந்தது, நான் விடேல்லை. இதில தெரியும், பாருங்கோ."

தெரிந்தது. வாகனத்தின் மூக்குத் திரும்புவதும், கார் துள்ளி முன்னால் வருவதும், சிவப்பு விளக்கு அங்கேயே நின்று சுழல்வதும்.

"பிள்ளை, நான் சொல்லித்தானே..." என்று தொடங்கிய மாமா முடிக்கவில்லை. படத்தில் அவர் கைகூப்பித் தலைகுனிந்து சிரித்தார். அவர் அதைப் பார்த்தார். பிறகு தன் கைகளை எடுத்து வேட்டி மடிப்புக்குள் வைத்துக்கொண்டார்.

"நானும் சொன்னனான்," என்றாள் அம்மா மெதுவாக. "தட்டு எண்டு கத்தினது நான்."

அண்ணன் ரிமோட்டை எடுத்தான். "சரி, இப்ப இது என்னத்துக்கு? அடுத்ததுக்குப் போவம்."

"வையுங்கோ," என்றாள் சுரேகா.

அவள் சிரிக்கவில்லை இப்போது. கழுத்தில் கிடந்த தாலிக்கொடியைக் கையால் பிடித்திருந்தாள். பிடித்திருக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்ததோ இல்லையோ. அம்மா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உள்ளுக்கு ஆர் மேனு இருந்தது?"

"தெரியாது."

"என்ன நடந்தது அவைக்கு?"

"தெரியாது. கேட்டனான். ஒருத்தருக்கும் தெரியாது."

டீவியில் பச்சை விழுந்தது. கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, பூவோடு, வரிசை பிரியாமல். அம்புலன்ஸ் படத்தை விட்டு மறைந்தது, சத்தம் மறையவில்லை. கடைகளும் பெயர்ப் பலகைகளும் பின்னால் போக, அது தொடர்ந்து வந்துகொண்டே இருந்தது. அண்டைக்கு இவ்வளவு நேரமா கேட்டது என்று அப்பா தனக்குள் சொல்லிக்கொண்டார். ரிமோட் அண்ணனின் கையில் இருந்தது. அவன் அழுத்தவில்லை. எல்லோரும் அது முடியக் காத்திருந்தார்கள். எப்போது முடியும் என்று அறையில் தெரிந்தவள் மேனுகா ஒருத்திதான்.

வெள்ளவத்தை எல்லைக்கு வந்தது. நின்றது.

அந்த அமைதியில், படத்துக்குள் மாமாவின் வாய் ஏதோ பகிடி சொல்லி அசைந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை.

"ஏன் நிண்டது?" என்று சுரேகா கேட்டாள்.